தேடுபவர் கண்ணில் படும் கேள்வித் தலைப்புகள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நிரலாக்கக் கேள்விகளுக்கு விடையளிப்பவர்கள், தலைப்பு ஒன்றினாலேயே வேலை எளிதான அல்லது இழுபறியான நிகழ்வுகளை இங்கே எழுதலாம். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

"பைத்தானில் கோப்பு திறக்கவில்லை, அவசரம், யாராவது உதவுங்கள்" என்று ஒருவர் தலைப்பிட்டிருந்தார். பாண்டாஸ் என்னும் பைத்தான் தரவு நூலகத்தின் மூலம் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பைப் படிக்கும்போது யூனிகோட்டீகோட்எரர் என்னும் பிழை எழுகிறது என்பதும், 0ஆவது இடத்திலுள்ள எஃப்எஃப் என்னும் பைட்டை யுடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்க முறையில் படிக்க இயலவில்லை என்று திரை சொல்கிறது என்பதும் கேள்வியின் கடைசிப் பத்தியில்தான் வந்தன. கோப்பின் முதல் பைட்டே எஃப்எஃப் என்றால், அது பெரும்பாலும் யுடிஎஃப்-16 குறியாக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும் என்பது இதில் பழகியவருக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். படிக்கும் கட்டளையில் அந்தக் குறியாக்கத்தைக் குறிப்பிட்டாலே போதும். அவசரம் என்று எழுதிய இடத்தில் அந்த பைட்டை எழுதியிருந்தால், அவருடைய அவசரமும் சீக்கிரம் தீர்ந்திருக்கும். தலைப்பை "பாண்டாஸில் சிஎஸ்வி படிக்கும்போது யூனிகோட்டீகோட்எரர்: 0ஆவது இடத்தில் எஃப்எஃப் பைட்" என்று மாற்றிப் பரிந்துரைத்தேன். பிழைச்செய்தியிலிருந்த கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன், ஏனெனில் அவற்றை வேறு எவரும் தேடப் போவதில்லை.

பைத்தான் கற்பிப்பவர் எழுதுகிறார்:

பிழைச்செய்தியை அப்படியே தலைப்பில் ஒட்டினால் போதும் என்று மாணவர்களுக்குச் சொல்லப்படுவதுண்டு. அது பாதி சரி. மதிப்பு கொடுப்பதற்கு முன்பே ஒரு செயற்கூறின் உள்மாறியைப் பயன்படுத்தினால் பைத்தான் காட்டும் வாசகம் 3.11ஆம் பதிப்பில் மாற்றி எழுதப்பட்டது. புதிய வாசகத்தை வைத்துத் தேடிய ஒரு மாணவி, பழைய வாசகத்தைத் தாங்கிய அருமையான விடைகளைக் காணாமலே திரும்பினார். அன்பவுண்ட்லோக்கல்எரர் என்ற பிழைவகைப் பெயரோ இரு பதிப்புகளிலும் அப்படியே இருக்கிறது. ஆகவே வகைப்பெயரைத் தலைப்பின் முன்பகுதியிலும், முழு வாசகத்தையும் பதிப்பு எண்ணையும் கேள்வியின் உள்ளேயும் எழுதச் சொல்கிறேன்.

கிட் பயன்படுத்துபவர் எழுதுகிறார்:

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் கேள்வி-பதில் தளத்தில் 2009இல் கேட்கப்பட்ட ஒரு கேள்வி, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டில் மிக அண்மையில் செய்த உள்ளூர் கமிட்டுகளை (தம் கணினியில் மட்டும் உள்ள மாற்றப் பதிவுகளை) எப்படித் திரும்பப் பெறுவது என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. "உள்ளூர்" என்ற சொல் அங்கே சும்மா நிற்கவில்லை; அவற்றை ஏற்கெனவே புஷ் செய்துவிட்டவர் (தொலைக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டவர்), தமக்கு வேறு விடை வேண்டும் என்று தலைப்பைப் பார்த்தே விலகிக்கொள்ளலாம்.

வலைநிரலாளர் எழுதுகிறார்:

நல்லெண்ணத்தில் தலைப்பைத் திருத்துபவர்களால் வரும் சிக்கலையும் ஒருமுறை பார்த்தேன். "ஜாவாஸ்கிரிப்ட் லூப்புக்குள் செட்டைம்அவுட் ஒவ்வொரு முறையும் கடைசி எண்ணையே காட்டுகிறது" என்று புதியவர் ஒருவர் எழுதியிருந்தார். செட்டைம்அவுட் என்பது ஒரு செயற்கூறைச் சற்று நேரம் கழித்து ஓடவைக்கும் கட்டளை. வார் என்னும் சொல்லைக் கொண்டு அறிவித்த ஒரே மாறியை எல்லாச் சுற்றுகளும் பகிர்ந்துகொள்வதால், லூப் முடிந்த பிறகு ஓடும் செயற்கூறுகள் அனைத்தும் அதன் இறுதி மதிப்பையே காண்கின்றன. லெட் கொண்டு அறிவித்தால் சுற்றுக்கு ஒரு மாறி கிடைத்துவிடும். விவரம் அறிந்த ஒருவர் வந்து, "குளோஷரும் மாறியின் வரம்பும்" என்று தலைப்பை மாற்றிவிட்டார். கருத்தளவில் குறை சொல்ல முடியாத திருத்தம்தான், ஆனால் குளோஷர் (தான் உருவான இடத்து மாறிகளைப் பிடித்துவைத்திருக்கும் செயற்கூறு) என்ற சொல்லை அறிந்தவருக்கு இந்தக் கேள்வியே எழாது என்பது என் கட்சி. எனக்கும் திருத்தியவருக்கும் வாதம் சற்று நீண்டது. முடிவில் பழைய தலைப்பு திரும்பியது. குளோஷர் என்ற சொல் குறிச்சொற்களில் சேர்க்கப்பட்டது.