உலுவாட்டு: அலையைவிடக் குகைதான் சோதனை

பாலித் தீவின் உலுவாட்டு என்ற அலைச்சறுக்குத் தலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அலையைத்தான் புகழ்கிறார்கள். அது தகும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கிலிருந்து வரும் பேரலைகள், உலுவாட்டு இருக்கும் புக்கிட் தீபகற்பத்தின் பவளத்திட்டில் ஏறி, இடப்பக்கமாக உருண்டு உடையும். கரையிலிருந்து வீசும் தென்கிழக்குக் காற்று அலைமுகத்தைச் சரியவிடாமல் தாங்கிப் பிடிக்கும். ஆனாலும் அங்கே போகிறவரிடம் நான் முதலில் சொல்வது குகையைப் பற்றித்தான்.

கடலில் இறங்குவதும் கரையேறுவதும் செங்குத்துப் பாறைக்கு அடியிலுள்ள அந்தக் குகை வழியாகத்தான். ஓதம் வற்றியிருந்தால் உள்ளே கொஞ்சம் மணல் தெரியும். ஏறிவிட்டால் மணல் மறைந்து, அலை குகைக்குள் புகுந்து சுவரில் அறைந்து திரும்பும். நீரோட்டமோ பெரும்பாலும் பக்கத்துக் கடற்கரையான படாங் படாங் பக்கம் இழுக்கும். பலகையில் படுத்தபடி குகைவாயைக் குறிவைத்து நேராகக் கையால் துழாவினால், கிட்டே வருவதற்குள் வாய் ஒருபக்கம் ஒதுங்கிப்போயிருக்கும். நீரோட்டம் வருகிற பக்கத்தில், குகைக்கு நன்றாக முன்னதாகவே கரையை நெருங்க வேண்டும்.

ஒரு மாலை எனக்கு முன்னால் போனவர் குகையைத் தவறவிட்டார். பாறையோரம் ஒதுங்க முயலவில்லை. பலகையை உடனே கடல் பக்கம் திருப்பி, அலை உடையும் இடத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி நீரோட்டம் வருகிற பக்கத்திலிருந்து வந்தார். இருட்டப் போகும் நேரத்தில், கை ஓய்ந்த நிலையில் அப்படித் திரும்ப மனத்திடம் வேண்டும். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டானது.

*

குகையோடு, உலுவாட்டு அலையில் ரேஸ்டிராக் எனப்படும் பகுதியையும் சேர்த்துச் சொல்கிறேன். ஓதம் உயர்ந்திருக்கும்போது பீக் எனப்படும் இன்னொரு பகுதியில் அலை நன்றாக வரும். நீர் இறங்க இறங்க ரேஸ்டிராக் வேகம் பிடிக்கும், அடியிலிருக்கும் பவளமும் மேலே நெருங்கிவிடும். அலைமுகத்தின் ஊடாகவே பழுப்பான பவளத் திரள்கள் தெரியும். அங்கே விழும்போது தலைகீழாகப் பாயக் கூடாது. உடலைப் பரப்பித் தட்டையாக விழுந்து, கைகளால் தலையை மூடிக்கொள்ள வேண்டும்.

அப்படி விழுந்தும் எனக்கு இடுப்பில் உரசிவிட்டது. நகத்தால் பிறாண்டியது போன்ற கீறல்தான். நண்பர் சோப்பு நீர் ஊற்றி, புதிய பல் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க வெள்ளைத் துகள்கள் வந்துகொண்டே இருந்தன. உயிர் போகிற வலி. ஆனால் துகள் உள்ளே தங்கினால் சீழ் வைத்துவிடும்.

மணல் கடற்கரையில் மட்டும் பழகியவர்கள் அலை சிறிதாக இருக்கிறதே என்று இங்கே இறங்கிவிட வேண்டாம். சிறிய அலையும் அதே பவளத்தின் மீதுதான் உடைகிறது.