மரக் கார்டுல லேசர் வெச்சு செதுக்கினவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நானே ஆரம்பிச்சு வைக்கிறேன்.

எனக்குத் தொழில் கத்துக் கொடுத்தவர் ஓய்வு பெறப் போறார்னு தெரிஞ்சதும், அவருக்கு மரத்துல ஒரு விசிட்டிங் கார்டு செஞ்சு தரணும்னு தோணிச்சு. மேப்பிள் மரம், உள்ளே என்எஃப்சி சிப். ஃபோனைக் கிட்ட கொண்டு போனா அவரோட வலைப்பக்கம் திறக்கணும். மேலே ஒரு ஆலமரம். கிளை கார்டோட விளிம்பு வரைக்கும் பரவி, அங்கிருந்து விழுது இறங்கணும். நாலு ராத்திரி உட்கார்ந்து வரைஞ்சேன்.

விழுது தெளிவா விழணும்னு அந்தக் கோடுகளுக்கு மட்டும் பவரை ஏத்தி, வேகத்தைக் குறைச்சு ரெண்டு தடவை ஓட விட்டேன். முடிஞ்சதும், புகைக் கறை படியாம இருக்க மேல ஒட்டியிருந்த பேப்பர் டேப்பை உரிச்சா, ஒவ்வொரு விழுதும் கரும்பழுப்புல அப்படியே நிக்குது. சந்தோஷமா ஃபோன்ல வெச்சேன். அசையல. திருப்பி வெச்சேன். ஃபோன் கவரைக் கழட்டிட்டு வெச்சேன். கார்டு செத்துப் போச்சு.

மனசு ஆறாம, பிளேடால மேல் தகடைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம், அதுல அலுமினியக் கோடு விளிம்பை ஒட்டி நாலஞ்சு சுத்து வருது. என் விழுது இறங்கின இடத்துல ஃபிலிம் சுருங்கி, கோடு அறுந்து கிடந்தது. இந்தக் கார்டுக்கு பேட்டரி கிடையாது. கார்டைப் படிக்கிற ஃபோன்லேருந்து வர்ற 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப்புலம் அந்தச் சுருள்ல மின்சாரத்தைத் தூண்டினாத்தான் சிப்புக்கு உயிர் வரும். சுருள் ஒரு இடத்துல அறுந்தா அவ்வளவுதான். மேல இருக்கற மரத்தைப் பார்த்தே வரைஞ்சிருக்கேன், கீழ ஓடற கோட்டை நினைக்கவே இல்ல.

* * *

படிக்கும்போதே வயித்தைப் பிசையுது. எனக்கும் இதே நடந்திருக்கு. அதுக்கப்புறம் லேசருக்குள்ள வைக்கிறதுக்கு முன்னாடி, அறையை இருட்டாக்கி கார்டுக்குப் பின்னால ஃபோன் டார்ச்சை ஒட்டிப் பிடிச்சுப் பார்க்கிறேன். மேப்பிள் மாதிரி வெளிர் மரத்துல, தகடு மெல்லிசா இருந்தா சுருள் நிழலாத் தெரியும். சிப் ஒரு கரும்புள்ளியா உட்கார்ந்திருக்கும். அளவெடுத்து, டிசைன் ஃபைல்ல 85.6 × 54 மில்லிமீட்டர் கட்டம் போட்டு, சுருளையும் சிப்பையும் தனி லேயரா வரைஞ்சுக்கிறேன். சிப்புக்கு மேல அடர்த்தியா நிரப்பற வேலையே வெச்சுக்கறதில்ல. சுருளுக்கு மேல நிறம் மாறற அளவுக்குத்தான் சுடுவேன்.

வால்நட் மாதிரி கரும்பழுப்பு மரத்துல இந்த வித்தை பலிக்காது, வெளிச்சம் ஊடுருவறதில்ல. அதுக்கு, ஒண்ணா வாங்கின அதே லாட்ல ஒரு கார்டைப் பலி கொடுத்து உரிச்சுப் பார்த்துடறேன். உண்மையைச் சொன்னா, நுணுக்கமான படத்துக்கு வால்நட்டே வேண்டாம்பேன். கருப்பு மேல கருப்பா விழும்.

இன்னொண்ணு, ரேகை. மரத்தோட வளையத்துல மெத்துனு இருக்கற பகுதி ஆழமா எரியும், இறுகின பகுதி அவ்வளவா எரியாது. ஒரே பவர்ல ஓட்டினாலும் வரி வரியா வரும். இலை, மரம்னா அது அழகு. முகம்னா கன்னத்துல கோடு விழுந்துடும். முகம் செதுக்கணும்னா ரேகை நெருக்கமா இருக்கற கார்டா பொறுக்கி எடுங்க.

* * *

எல்லாரும் கார்டைப் பத்திப் பேசறீங்க, நான் மூச்சைப் பத்திச் சொல்லியாகணும்.

"முழுக்க மரம்"னு சொல்லி வித்த கார்டு. ரெண்டாவது கார்டு ஓடும்போதே மர வாசனை போய், மூக்கைத் துளைக்கிற மாதிரி ஒரு புளிச்ச நெடி. கண்ணெல்லாம் எரிச்சல். உடனே மெஷினை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துட்டு வெளியே வந்துட்டேன். உரிச்சுப் பார்த்தா நடுவுல வெள்ளைத் தகடு, பிவிசி. குளோரின் உள்ள பிளாஸ்டிக். பிவிசியைச் சுட்டா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரத்தோட சேர்ந்தா அது அமிலம். நுரையீரலையும் கெடுக்கும், மெஷினையும் அரிக்கும். கொஞ்ச நாள்லயே என் மெஷின் ரெயில்ல துரு பூத்திருந்தது.

இப்ப புது லாட் வந்தா முதல் கார்டை உரிச்சு, உள் தகடுல ஒரு துணுக்கு எடுத்துக்கிட்டு திறந்த வெளிக்குப் போயிடுவேன். செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி அந்தத் துணுக்கைத் தொட்டு, திரும்பத் தீயில காட்டுவேன். தீ பச்சையா எரிஞ்சா உள்ள குளோரின் இருக்கு. அந்த லாட் என் மெஷினுக்குள்ள போகாது. வாங்கும்போது நடுவுல என்ன பொருள்னு எழுத்துல கேளுங்க. யாரும் வெட்கப்பட வேண்டிய கேள்வி இல்ல இது.

* * *

சின்னதா ரெண்டு விஷயம். ஒரு பக்கம் மட்டும் பெரிய பரப்பை நிரப்பினா கார்டு மறுநாள் காலைல படகு மாதிரி வளைஞ்சிருக்கும். எண்ணெயோ வார்னிஷோ, ரெண்டு பக்கமும் பூசுங்க. அப்புறம் என்டேக் 213ங்கிற என்எஃப்சி சிப்புல நீங்க எழுதறதுக்கு 144 பைட்டுதான் இடம். முழுத் தொடர்பு விவரத்தையும் திணிக்காம ஒரு குட்டி லிங்க் போட்டா போதும்.

* * *

எல்லாருக்கும் நன்றி. டார்ச் பிடிச்சுப் பார்த்து, ஆலமரத்தை விளிம்புலேருந்து உள்ளே தள்ளி மறுபடி வரைஞ்சேன். விழுதெல்லாம் சுருளுக்கு உள்பக்கமே இறங்கற மாதிரி. சிப் இருக்கற மூலையை வெறும் மரமாவே விட்டுட்டேன். ஒவ்வொரு தடவை ஓடினதும் ஃபோன்ல வெச்சுப் பார்த்தேன்.

நேத்து அவர் கையில கொடுத்தேன். முதல்ல மூக்குகிட்ட கொண்டு போய் மோந்து பார்த்தார். கட்டை விரலால ஒவ்வொரு விழுதா மேலேருந்து கீழ வரைக்கும் தடவினார். "இதுல எங்கேப்பா சிப்பு?"ன்னு கேட்டார். அந்த வெறும் மூலையைக் காட்டினேன்.