மூன்றாவது சீரீஸில் என்ன ஆனது

யாழினி: [படம்] இன்றைய ஏர் ரைஃபிள் பயிற்சி ஸ்கோர், ஒரு சீரீஸுக்குப் பத்து ஷாட். முதல் சீரீஸ் 98.1, இரண்டாவது 97.4, மூன்றாவது 91.6. கோச் சார் எதுவும் சொல்லவில்லை. "வீட்டுக்குப் போய் நீயே உட்கார்ந்து பார்" என்று அனுப்பிவிட்டார்.

மீனா: மதியம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினாள். அப்புறம் எப்படி?

கார்த்தி: அம்மாவுக்கு எல்லாமே சாப்பாட்டில்தான் போய் முடியும் 😄 யாழி, அது கிளப் ரைஃபிள். ஊரே எடுத்துச் சுட்டது. போனஸ் வரட்டும், புதுசு ஒன்று பார்க்கலாம்.

செல்வம்: கார்த்தி, கொஞ்சம் பொறு. யாழி, ஸ்கோரை விடு. மூன்று சீரீஸ் படத்தையும் தனித்தனியாகப் போடு. எது எங்கே விழுந்திருக்கு என்று பார்க்கணும்.

யாழினி: [படம்] [படம்] [படம்]

வசந்தா: எனக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியுது 🙏

செல்வம்: இல்லை அக்கா. முதல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பத்தும் ஒரே இடத்தில், இடது கீழ் மூலையில் மொய்த்துக்கொண்டு கிடக்கு. மூன்றாவதில் நாலு பக்கமும் சிதறியிருக்கு. ரெண்டும் வேறு வேறு நோய். யாழி, முதல் சீரீஸ் முடிந்ததும் என்ன செய்தாய்?

யாழினி: கொஞ்சம் வலது மேலே பிடித்துச் சுட்டேன் சித்தப்பா.

செல்வம்: சைட்டை, அதான் குறி பார்க்கும் கருவியை, திருப்பவில்லையா?

யாழினி: நடுவில் அதைத் தொட்டால் எல்லாமே போய்விடுமோ என்று பயம்.

செல்வம்: அங்கேதான் ஆரம்பம். சொல்கிறேன், வண்டியை ஓரம் கட்டிக்கொள்கிறேன்.

கார்த்தி: அந்தச் சின்ன வட்டத்தில் 98 மோசமா? நூற்றுக்கு 98 என்றால் நான் ஸ்கூலில் தலைகீழாக நடந்திருப்பேன்.

யாழினி: அண்ணா, நூற்றுக்கு இல்லை. ஒரு ஷாட்டுக்கு 10.9 வரை உண்டு. பத்து ஷாட்டுக்கு 109. நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ., பெல்லட் (குண்டு) 4.5 மி.மீ. பெல்லட் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0. பெல்லட்டின் மையம் 2.5 மி.மீக்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் 0.1 போகும்.

கார்த்தி: பத்து மீட்டரிலிருந்தா? சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

செல்வம்: அவள் சொன்ன கணக்கைப் பிடித்துக்கொள். முதல் சீரீஸில் அவள் கூட்டம் மையத்திலிருந்து சுமார் 3 மி.மீ. தள்ளி விழுந்திருக்கு. அதே கூட்டத்தை அப்படியே நடுவுக்கு நகர்த்தியிருந்தால் ஸ்கோர் 103ஐத் தாண்டியிருக்கும். உடம்பு சரியாகத்தான் வேலை செய்திருக்கு. தப்பு சைட்டில். இடது கீழே விழுந்தால் பின் சைட்டை வலது மேலே நாலு கிளிக் திருப்பு. அவ்வளவுதான். அதை விட்டுவிட்டு அஞ்சரைக் கிலோ வரை எடையுள்ள ரைஃபிளைக் கைபலத்தால் வலது பக்கம் தள்ளிப் பிடித்திருக்கிறாய். தோளும் கழுத்தும் எவ்வளவு நேரம் தாங்கும்? இரண்டாவது சீரீஸில் தாங்கியது. மூன்றாவதில் விட்டுவிட்டது.

செல்வம்: கூட்டம் சின்னது, இடம் தப்பு என்றால் சைட்டைத் தொடு, உடம்பைத் தொடாதே. கூட்டம் பெரிசு என்றால் உடம்பைப் பார், சைட்டைத் தொடாதே. வெலிங்டனில் ராணுவ ரெக்ரூட்டாக இருந்தபோது பயிற்சி கொடுத்த உஸ்தாத் இதைத்தான் காலையும் மாலையும் ஓதுவார்.

யாழினி: ஆனால் நீங்கள் படுத்துக்கொண்டு சுட்டவர்கள் சித்தப்பா 😛 இது நின்றுகொண்டு.

செல்வம்: உண்மைதான். நிற்பது பற்றி உன் சாரைக் கேள். மூச்சும் ட்ரிகரும் எனக்குத் தெரியும்.

யாழினி: நிற்பதற்குச் சார் ஒன்று சொல்லிக்கொடுத்தார். ரைஃபிளைத் தூக்கி, கன்னத்தை வைத்து, கண்ணை மூடி ரெண்டு மூச்சு விடணும். கண்ணைத் திறந்ததும் ரைஃபிள் முனையில் உள்ள முன்வளையத்துக்குள் டார்கெட்டின் கறுப்பு வட்டம் தானாக இருக்கணும். இல்லையென்றால் கையால் இழுக்கக் கூடாது, பாதத்தை நகர்த்தணும்.

செல்வம்: அதேதான்! இன்று மூன்றாவது சீரீஸில் செய்தாயா?

யாழினி: இல்லை. நேரம் போய்விடும் என்று அவசரம்.

செல்வம்: 60 ஷாட்டுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள்?

யாழினி: 75 நிமிஷம். அதற்கு முன் சைட்டருக்கு, அதாவது கணக்கில் வராத சோதனை ஷாட்டுக்கு, 15 நிமிஷம் தனி.

கார்த்தி: அப்போ ஒரு ஷாட்டுக்கு 75 வினாடி. இதில் என்ன அவசரம்?

செல்வம்: பார், கணக்குப் பிள்ளை உபயோகமாக ஒன்று சொல்லிவிட்டான். குறி பிடித்து எட்டு, பத்து வினாடிக்குள் ஷாட் போகவில்லையென்றால் இறக்கிவிடு. அதற்கு மேல் கண்ணுக்குப் பழைய படம்தான் தெரியும், வளையம் விலகினாலும் விலகாத மாதிரி காட்டும். இறக்கிவைத்து மறுபடி தூக்க உனக்கு நேரம் தாராளமாக இருக்கு. இறக்க வெட்கப்படாதே.

வசந்தா: மீனா, அவள் கிளம்பும்போது காபி கொடுக்கிறாயா?

மீனா: ஆமாம் அண்ணி, பெரிய டம்ளரில். ஏன்?

யாழினி: அத்தை கரெக்ட். காபி குடித்தால் எனக்கு வளையம் குதிப்பது தெரியும். தும் தும் என்று நாடியோடு சேர்ந்து ஆடும்.

மீனா: நாளையிலிருந்து மோர்.

கார்த்தி: பார்த்தீர்களா, கடைசியில் சாப்பாட்டில்தான் வந்து நின்றது.

செல்வம்: 😀 யாழி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தெரியும்தானே? ஃபைனலுக்கு முன் அபினவ் பிந்த்ரா சைட்டர் சுட்டால் பெல்லட் எங்கேயோ போகுது. சைட் மாறிக் கிடந்தது. மனுஷன் கையால் ஈடுகட்டப் பார்க்கவில்லை. சைட்டைத் திருப்பினார், சுட்டார். கடைசி ஷாட்டுக்கு முன் பின்லாந்துக்காரரும் அவரும் சமம். அவர் 9.7, இவர் 10.8. தங்கம்.

யாழினி: அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பேன்! எனக்குப் பயம் அமெரிக்க வீரர் எம்மன்ஸ் கதைதான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், 50 மீட்டரில் படுத்து, மண்டியிட்டு, நின்று என மூன்று நிலை. கடைசி ஷாட்டில் சும்மா ஒரு சுமாரான ஷாட் சுட்டால்கூடத் தங்கம். அவர் இரண்டாம் லேனில் நின்றுகொண்டு மூன்றாம் லேன் டார்கெட்டைச் சுட்டுவிட்டார். பூஜ்யம். எட்டாவது இடம்.

வசந்தா: ஐயோ பாவம்.

யாழினி: வழக்கமாக முதலில் லேன் நம்பரைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் டார்கெட்டுக்கு இறங்குவாராம். அந்த ஒரு ஷாட்டில் பதற்றத்தை அடக்குவதிலேயே கவனம் போய் நம்பரைப் பார்க்கவில்லை.

செல்வம்: நீயும் கண்ணை மூடிப் பார்க்கிறதைத்தான் விட்டிருக்கிறாய். முதல் ஷாட்டுக்கு என்னென்ன செய்தாயோ அத்தனையும் அறுபதாவதுக்கும் செய். இன்னொன்று, ஒவ்வொரு ஷாட் போனதும் மானிட்டரைப் பார்க்கிறாயா?

யாழினி: உடனே பார்ப்பேன்.

செல்வம்: அதுதான் தலையைத் தூக்க வைக்குது. பெல்லட் குழலை விட்டுப் போகும் முன்பே கன்னம் எழும்பினால் ஷாட் கெட்டுவிடும். ட்ரிகர் விழுந்த பிறகும் ஒன்று, ரெண்டு என்று எண்ணிக்கொண்டு அப்படியே நில். வளையம் எங்கே நின்றதோ அதை மனசில் குறித்துக்கொண்டு "வலது, மூணு மணி, 9.9" என்று நீயே சொல். அப்புறம் மானிட்டரைப் பார். சொன்னதும் விழுந்ததும் ஒன்றாக இருந்தால் நீ நன்றாகச் சுடுகிறாய் என்று அர்த்தம், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் சரி. நீ பத்து என்று சொல்லி அது எட்டில் கிடந்தால் விரலைக் கவனி. நீ அழுத்தவில்லை, வெட்டி இழுத்திருக்கிறாய்.

யாழினி: மூன்றாவது சீரீஸில் ரெண்டு அப்படித்தான். கறுப்பு நடுவில் வந்த நொடியில் "இப்போ" என்று அழுத்தினேன்.

செல்வம்: அந்த "இப்போ" தான் எதிரி. நாளைக்கு முதல் அரை மணி நேரம் பெல்லட்டே போடாதே. சாரிடம் கேட்டு வெறும் ட்ரிகர் மட்டும். டிக் என்றபோது வளையம் அசையாமல் இருக்கணும். சத்தம் இல்லை, ஸ்கோர் இல்லை, விரல் பொய் சொல்ல முடியாது.

மீனா: வீட்டில் செய்ய ஒன்றும் இல்லையே? துப்பாக்கி கிளப்பிலேயே இருக்கட்டும்.

செல்வம்: இருக்கட்டும் அண்ணி. வீட்டில் நிற்கப் பழகினால் போதும். இடது முழங்கை இடுப்பெலும்பில் உட்காரணும், எடை எலும்பு வழியாகப் பாதத்துக்கு இறங்கணும். அந்த நிலையில் கண்ணை மூடிக்கொண்டு ஆடாமல் நிற்கட்டும்.

கார்த்தி: அப்போ புது ரைஃபிள்?

செல்வம்: வேண்டாம். யாழி, நீ போடும் ஜாக்கெட் யாருடையது?

யாழினி: கிளப்பில் இருந்தது. முதுகில் தொளதொள என்று இருக்கும், உள்ளே ஸ்வெட்டர் போட்டுச் சமாளிக்கிறேன்.

செல்வம்: கார்த்தி, உன் போனஸை இதில் போடு. அளவெடுத்து ஒரு ஜாக்கெட். முதுகைத் தாங்கத்தான் அதைப் போடுவதே.

வசந்தா: நம்ம தெரு டெய்லரிடம் கொடுத்தால் பாதி விலைக்குத் தைத்துவிடுவார்.

யாழினி: அத்தை, அது கேன்வாஸும் தோலும்! எவ்வளவு விறைப்பு, எவ்வளவு தடிப்பு என்று மேட்ச்சில் கருவி வைத்து அளப்பார்கள். கூடினால் போட விடமாட்டார்கள்.

வசந்தா: ரவிக்கைக்கே அளவு தப்பாக வைக்கிறவர். சரி, வேண்டாம்.

கார்த்தி: யாழி, தோள், மார்பு, கை நீளம் எல்லாம் அம்மாவை அளந்து அனுப்பச் சொல். ஸ்வெட்டர் இல்லாமல்.