மிதிகணப்பு: காலால் மிதித்து வீட்டைச் சூடாக்குவதற்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

பெடலை மிதித்து, அந்த உழைப்பாலேயே குளிர்நாளில் வீட்டைச் சூடாக்கும் அமைப்புக்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மிதிவிசை வெப்பமூட்டி, உடலுழைப்பு வெப்பாக்கி, மிதிச்சூடேற்றி. மூன்றிலும் எனக்கு ஒரே குறைதான் தெரிகிறது. ஊட்டி, ஆக்கி, ஏற்றி என்று முடியும்போது சூட்டைத் தருவது கருவிதான் என்று ஆகிவிடுகிறது. ஆனால் இங்கே சூட்டில் பெரும்பங்கு மிதிக்கிற ஆளின் உடம்பிலிருந்து வருகிறது.

கணக்கைப் பாருங்கள். பெரிய பயிற்சி இல்லாத ஒருவர் ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தால் பெடலுக்கு 75 முதல் 100 வாட் வரை கொடுக்கலாம். தசையோ தான் செலவழிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கை, சில சமயம் ஐந்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். மிச்சமெல்லாம் சூடு. ஆகவே பெடலுக்கு 100 வாட் போகும்போது உடம்பு 300, 400 வாட்டை அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த 100 வாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிதிக்க வேண்டும், அதுவும் சூடு எங்கும் கசியாமல் இருந்தால். சாதாரண மின்சூடேற்றி 1500 வாட். ஆளையும் கருவியையும் சேர்த்தால்தான் அதில் மூன்றில் ஒரு பங்காவது தேறும்.

என்னிடம் சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்கும் தாங்கி ஒன்று இருக்கிறது. பின்சக்கரம் ஓர் உருளைமேல் உரசிச் சுற்றும். சன்னலைச் சாத்திவிட்டு அரை மணி மிதித்து இறங்கி அந்த உருளையின் உறையில் விரலை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அறை கதகதப்பானதற்கு அது மட்டும் காரணமில்லை. சன்னல் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க ஆவி படிந்து, கீழ்விளிம்பில் துளித்துளியாக இறங்கிக்கொண்டிருந்தது. என் வியர்வையும் மூச்சும்தான் அது. உடம்பு விட்ட சூட்டில் ஒரு பகுதி ஆவியோடு போய், குளிர்ந்த கண்ணாடியில் படிந்து, அங்கேயே வெளியேறிவிட்டது. பெயர் வைக்கும்போது அந்த உருளையை மட்டும் பார்த்தால் போதாது என்று எனக்கு அன்றுதான் பட்டது.

இன்னொன்று. மிதிப்பதைச் சூடாக மாற்றப் பல வழிகள் உண்டு: டைனமோ வைத்து மின்கம்பியைச் சூடாக்கலாம், காந்தத்தை அலுமினியத் தட்டுக்கு அருகில் சுழற்றலாம், தண்ணீருக்குள் துடுப்பைச் சுற்றலாம். இயற்பியலாளர் ஜூல் 1840களில் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றித்தான் வேலைக்கும் வெப்பத்துக்கும் உள்ள விகிதத்தை அளந்தார். அவருக்கு முன்பே, ரம்ஃபோர்டு என்ற அறிவியலாளர் மியூனிக்கில் குதிரையைக் கட்டிப் பீரங்கிக் குழலைக் குடைய வைத்து, அந்த உராய்வில் இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்ததை 1798இல் எழுதினார். தசையால் வெப்பம் என்பது அவ்வளவு பழையது. எந்த வழியில் போனாலும் சங்கிலியின் உராய்வு, டைனமோச் சுருளின் சூடு எல்லாம் அதே அறைக்குள்தான் விழுகின்றன. வேறு எந்தப் பொறியிலும் 'இழப்பு' என்று எழுதுவோமே, அது இங்கே விளைபொருள். எனவே டைனமோ, உராய்வு என்று வழிமுறையைப் பெயருக்குள் கொண்டுவரத் தேவையில்லை.

சரி, என் பரிந்துரை: மிதிகணப்பு.

கணப்பு என்றால் குளிர்காய மூட்டும் நெருப்பு. அது கருவியின் பெயரல்ல. சூடும், அதைச் சுற்றி உட்காருகிறவர்களும் சேர்ந்த நிலை அதில் வந்துவிடுகிறது. வினையும் தயாராக இருக்கிறது: 'மாலையில் அரை மணி மிதிகணப்பு மூட்டினோம்' என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாது. நெருப்பே இல்லையே என்று கேட்கலாம். திரியும் எண்ணெயும் போன பிறகும் விளக்கு விளக்காகத்தானே இருக்கிறது?

க் மிகுமா என்ற கேள்வி நிச்சயம் வரும். மிதி என்பதைப் பெயராகக் கொண்டால் மிதிக்கணப்பு என்றாகும், அது பெடலையே சூடாக்குவதுபோல் ஒலிக்கிறது. நான் வினைத்தொகையாகவே கொள்கிறேன். ஊதுகுழல், உரைகல் போல மிதிகணப்பு. குழலை ஒருவர் ஊதுகிறார், கணப்பை ஒருவர் மிதிக்கிறார். மிதிக்கிற ஆள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறார், எனக்கு வேண்டியதும் அதுதான்.

வேறு சிலவற்றையும் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். தாள்கணப்பு என்றால் காகிதத்தை எரிப்பதாகப் படும். கால்கணப்பு பாதத்துக்குச் சூடு காட்டுவதாகிவிடும். நெடுநல்வாடையில் நெருப்புச் சட்டிக்குத் தடவு என்ற அழகான சொல் இருக்கிறது, மீட்க மிகவும் ஆசைப்பட்டேன். ஆனால் இன்று அதைப் படிக்கிறவர் மனதில் கை தடவுவதுதான் வரும்.

ஒரு வகையை மட்டும் இதில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. பெடலால் அமுக்கியை (கம்ப்ரசரை) ஓட்டி, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுக்கும் வெப்ப எக்கியைச் சொல்கிறேன். அதில் 100 வாட் கொடுத்தால் 300 வாட்வரை உள்ளே வரலாம். கருவியின் பங்கு உடம்பின் பங்கோடு போட்டி போடும். அங்கே சூடு வெளியிலிருந்து ஏறி வருவதால், கணப்பு என்பது பொருந்தாது. 'மிதியெக்கி' என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் அது தண்ணீர் இறைக்கும் கருவியோடு குழம்புகிறது. இதற்கு உங்களுக்கு ஏதாவது தோன்றினால், தனிச்சொல்லாக அனுப்பாமல் இரண்டு மூன்று வாக்கியங்களில் வைத்து அனுப்புங்கள்.

அன்புடன்.