மாற்றுக் கல்வி நிலையத்துக்கு அனுப்பிய பிள்ளைக்கு யார் பொறுப்பு? (இங்கிலாந்து)

கேள்வி

வணக்கம். ஆண்டு 9இல் படிக்கும் என் மகனை, நடத்தையைச் சீர்செய்வதற்கென்று கூறி, அவனுடைய பாடசாலை வாரத்தில் மூன்று நாட்கள் வெளியே ஒரு மாற்றுக் கல்வி நிலையத்துக்கு அனுப்புகிறது. எங்கள் சம்மதம் தேவையில்லை என்றார்கள். அவன் அங்கே என்ன படிக்கிறான் என்று பாடசாலையைக் கேட்டால் நிலையத்தைக் கேட்கச் சொல்கிறார்கள்; நிலையமோ அறிக்கையைப் பாடசாலைக்கு மட்டுமே தருவோம் என்கிறது. சென்ற கிழமை ஒரு நாள் அவன் அங்கே போகவேயில்லை. மாலையில் அவனே வாய்தவறிச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு அது தெரிய வந்தது. சட்டப்படி இதற்கெல்லாம் யார் பொறுப்பு?

பதில் 1

பொறுப்பு பாடசாலையுடையதுதான். நான் சில காலம் ஒரு பாடசாலையின் ஆளுநர் குழுவில் இருந்தவன். சம்மதம் தேவையில்லை என்று அவர்கள் சொன்னது சரி; 2002ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் அதே ஏற்பாட்டின்படி, பிள்ளையை ஏன், எங்கே, எவ்வளவு காலத்துக்கு அனுப்புகிறார்கள் என்பதைக் குறைந்தது இரண்டு பாடசாலை நாட்களுக்கு முன்பே உங்களுக்கு எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும்; இடையிடையே மீளாய்வுக் கூட்டம் நடத்தி உங்களையும் அழைக்க வேண்டும். அகாடமிகளுக்கு (கவுன்சிலின் கீழ் இல்லாமல் அரசின் நேரடி நிதியில் இயங்கும் பாடசாலைகளுக்கு) இப்பிரிவு நேரடியாகப் பொருந்தாது என்றாலும், அவையும் இதே முறையைப் பின்பற்றுவதை அரசின் வழிகாட்டுதல் ஊக்குவிக்கிறது.

அவன் வராத நாளுக்கு வரவுப் பதிவேட்டில் என்ன குறித்திருக்கிறார்கள் என்று எழுதிக் கேளுங்கள். வெளியிடத்தில் படிப்பதைக் குறிக்கும் "பி" குறியீடு அங்கே இருந்தால், பிள்ளை எங்கிருக்கிறான் என்பதைப் பார்க்காமலே பதிவு செய்திருக்கிறார்கள் என்று பொருள். அவனுடைய பாதுகாப்புக்கும் பாடசாலையே தொடர்ந்து பொறுப்பு என்பதால், இது வெறும் எழுத்துவேலைப் பிழையாகாது.

பதில் 2

இப்படியான ஒரு நிலையத்தில் கற்பிப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பல பிள்ளைகள் எங்களிடம் ஒரே ஒரு தாளோடு வருகிறார்கள். அதில் சண்டை பிடித்த திகதிகள் எல்லாம் இருக்கும், வாசிப்பு மட்டம் இருக்காது, வகுப்பில் எந்தப் பாடத்தின் எந்த அலகு நடக்கிறது என்பதும் இருக்காது. மூன்று நாட்கள் எங்களிடம் இருக்கும் பிள்ளை மீதி இரண்டு நாட்களில் வகுப்புக்குத் திரும்பும்போது, இடையில் நடந்த விஞ்ஞானம் முழுவதும் அவனுக்குப் புதிதாக இருக்கும். ஆகவே தவறும் பாடங்களை ஈடுசெய்யும் திட்டத்தையும், ஜி.சி.எஸ்.இ. (16 வயதளவில் எழுதும் பொதுத் தேர்வு) பாடங்களைத் தெரிவு செய்ய அவனுக்கு இடமுண்டா என்பதையும், திரும்பும் திகதியையும் பாடசாலையிடம் கேளுங்கள். திரும்பும் திகதி இல்லாத ஏற்பாடு பெரும்பாலும் நீண்டுகொண்டே போகும்.

பதில் 3

மேலே சொன்னவை சரி. ஆனால் நிரந்தரமாக விலக்கப்பட்ட பிள்ளைக்கு இவை பொருந்தா. அங்கே ஆறாவது பாடசாலை நாளிலிருந்து முழுநேரக் கல்விக்கு உள்ளூராட்சிக் கவுன்சில் ஏற்பாடு செய்ய வேண்டும். உங்கள் மகனின் பெயர் பாடசாலைப் பட்டியலில் இருக்கும்வரை அவர்கள் கைகழுவ முடியாது. அதனாலேயே, வீட்டிலேயே கற்பிப்பதாக எழுதிக் கொடுக்கும்படி யாராவது கேட்டால் கையொப்பமிடாதீர்கள்; அப்படிச் செய்தால் அவன் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. முன்னறிவிப்புக் கடிதம் எதுவும் எங்களுக்கு வரவில்லை. மீளாய்வு வேண்டுமென்று அதிபருக்கும் ஆளுநர் குழுத் தலைவருக்கும் இன்றே எழுதுகிறேன்.