வளைகுடாவுக்குப் புதிதாக வரும் நர்சுகளுக்கு: ஏஜென்ட் எழுதித் தரும் அனுபவச் சான்றிதழ் வேண்டவே வேண்டாம்

போன வாரம் ஷார்ஜாவுக்கு விசிட் விசாவில் வந்த ஒரு தங்கை என்னிடம் கேட்டாள்: "அக்கா, எனக்கு 14 மாச அனுபவம்தான் இருக்கு. ஏஜென்ட் அதை ரெண்டு வருஷமாப் போட்டுத் தர்றேங்கிறார். எல்லாரும் இப்படித்தான் வர்றாங்களாமே?" அவளுக்குச் சொன்னதையே இங்கே எல்லாருக்குமாக எழுதுகிறேன். நான் இங்கே நர்ஸ் வேலைக்கு வந்து 11 வருடம் ஆகிறது.

முதலில், சான்றிதழை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நாம் கொடுக்கும் காகிதத்தை உற்றுப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. லைசென்ஸ் தரும் துறைகளுக்காகச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம், அதைக் கொடுத்த இடத்துக்கே எழுதிக் கேட்கிறது. படிப்புக்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், பதிவுக்குத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில், அனுபவத்துக்கு நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி. அங்கிருந்து "இது நாங்கள் கொடுத்ததில்லை" என்று பதில் வந்தால் ரிப்போர்ட் நெகட்டிவ். துபாய், அபுதாபி, சவுதி, கத்தார் என்று எல்லா இடத்திலும் இதே முறைதான். ஒரு நாட்டில் விழுந்த கறை அடுத்த நாட்டு விண்ணப்பத்திலும் கூட வரலாம்.

"ஆஸ்பத்திரியில் நம்ம ஆள் இருக்கிறார், மெயில் வந்தால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்" என்பார் ஏஜென்ட். என்னோடு அறையில் தங்கியிருந்த பெண்ணுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 30 படுக்கை உள்ள நர்சிங் ஹோமில் ஜெனரல் வார்டு பார்த்தவள் அவள். காகிதத்தில் இரண்டு வருட ஐசியு. முதல் முறை ரிப்போர்ட் நல்லபடியாகவே வந்தது, ஐசியுவில் போட்டார்கள். இரண்டாவது வாரம், பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து போய்க்கொண்டிருந்த நோயாளியின் பம்ப் அலாரம் அடித்தது. மருந்து தீரப் போகிறது, அடுத்த சிரிஞ்சைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிரஷர் சரிந்துகொண்டே போனது. பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஓடி வந்து சமாளித்தார். அன்று இரவு அவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மூன்று வருடம் கழித்து வேறு வேலைக்கு மாறினாள். மறுபடி சரிபார்ப்பு போனது. ஊரில் அந்த நர்சிங் ஹோம் கை மாறியிருந்தது. புது நிர்வாகம் பதிவேட்டைப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிட்டது. லைசென்ஸ் போனது, வேலை போனது, நகையை அடகு வைத்து ஏஜென்டுக்குக் கொடுத்த பணமும் திரும்ப வரவில்லை. அந்த ஏஜென்ட் இன்றும் ஆள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

"லைசென்ஸ் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்" என்றும் சிலர் சொல்கிறார்கள். அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஃபுளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட போலி டிப்ளமோக்களை விற்றிருந்தன. 2023 ஜனவரியில் 25 பேர் மீது வழக்குப் போட்டார்கள். வாங்கியவர்களில் ஏறக்குறைய 2,400 பேர் அங்கே நர்ஸ் லைசென்ஸுக்கான என்க்ளெக்ஸ் தேர்விலும் தேறியிருந்தார்கள். பல மாநிலங்கள் தேர்வில் தேறியவர்கள் என்று பார்க்காமல் அவர்களுடைய லைசென்ஸ் மீது நடவடிக்கை எடுத்தன. இங்கிலாந்தில் ஜோலியா அலெமி என்பவர் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் போலிச் சான்றிதழைக் காட்டி 1995-இல் டாக்டராகப் பதிவு செய்தார். மனநல மருத்துவராக ஏறக்குறைய 20 வருடம் வேலை பார்த்த பிறகு மாட்டி, 2023-இல் 7 வருடச் சிறைத் தண்டனை பெற்றார்.

சரி, உண்மையாக வேலை பார்த்தவர்களுக்கும் சிக்கல் வருகிறதே என்றால், ஆமாம், வருகிறது. சின்ன ஆஸ்பத்திரியில் மெயிலுக்குப் பதில் போட ஆளில்லை, அல்லது ஆஸ்பத்திரியையே மூடிவிட்டார்கள். இதற்கும் போலிக்கும் ரிப்போர்ட்டில் வித்தியாசம் உண்டு. பதில் கிடைக்காதது "சரிபார்க்க முடியவில்லை" என்று வரும், அது நெகட்டிவ் அல்ல. நியமனக் கடிதம், ரிலீவிங் லெட்டர், சம்பள ரசீது, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, பி.எஃப். பாஸ்புக் எல்லாவற்றையும் ஊரை விட்டுக் கிளம்பும்முன் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். இதில் பி.எஃப். பதிவுக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அது அரசாங்கத்தின் கையில் இருப்பது.

நம்மவர்களுக்கே உரிய இன்னொரு தொல்லை இனிஷியல். மார்க் ஷீட்டில் "எஸ். கவிதா", பாஸ்போர்ட்டில் "கவிதா சுப்பிரமணியன்", கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று வாங்கி, விண்ணப்பத்தோடு முதலிலேயே இணைத்துவிடுங்கள். இது சின்ன விஷயம், ஆனால் இதனால் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஏஜென்ட் ஏற்கெனவே உங்கள் பெயரில் ஏதாவது பதிவேற்றியிருக்கலாம். உங்கள் டேட்டாஃப்ளோ விண்ணப்பத்தின் லாகின், பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, என்னென்ன காகிதம் போயிருக்கிறது என்று இன்றே பாருங்கள். நீங்கள் கொடுக்காத ஒன்று இருந்தால், ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே எழுத்தில் தெரிவியுங்கள், தேவைப்பட்டால் வக்கீலிடம் கேட்டுவிட்டு. விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது, கேள்வியும் உங்களிடம்தான் வரும். போலி ஆவணம் இந்த நாடுகளில் சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் உரிய குற்றம்.

இன்னும் ஊரில் இருப்பவர்கள் சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள். 1978-இலிருந்து இருக்கிறது, நர்சுகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது.

அந்தத் தங்கையிடம், பழைய ஆஸ்பத்திரி நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கு போன் போட்டு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வார்டு மூன்றும் உள்ளபடியே வரும் சான்றிதழ் கேட்கச் சொன்னேன். அந்த 14 மாதத்துக்கு இப்போது என்ன பதவி கிடைக்கும் என்பதை லைசென்ஸ் தரும் துறையின் தளத்திலேயே பார்க்கச் சொன்னேன், விதி அடிக்கடி மாறுகிறது. இரண்டு வருடம் இருந்தால்தான் ஆகும் என்றால் ஊருக்குத் திரும்பி மீதி 10 மாதம் வேலை பார்த்துவிட்டு வா என்றேன். அழுதாள். அப்புறம், சூப்பரின்டென்டென்ட் நம்பரைத் தேடி எடுத்துவிட்டேன் என்று இரவு மெசேஜ் போட்டிருந்தாள்.