மசகு மாசா, எண்ணெய் நமப்பா?

அன்பர்களுக்கு வணக்கம்.

துப்பாக்கியைத் துடைக்கும் எண்ணெய் தோட்டாவுக்குள் கசிந்து அதை வெடிக்காமல் செய்துவிடும் பழுதுக்கு 'மசகு மாசு' என்ற சொல்லை நண்பர் முன்வைத்திருக்கிறார். இலக்கணப்படி அதில் பிழையில்லை. ஆனால் பழுது துப்பாக்கியில் இருப்பதாக அது எண்ண வைக்கிறது. கெடுவது தோட்டாவின் கேப்புக்குள், அதாவது துப்பாக்கியின் ஊசி குத்தியதும் தீப்பற்றும் அடிப்பகுதிச் சிமிழுக்குள், இருக்கும் மருந்து. ஆகவே 'எண்ணெய் நமப்பு' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் பயிர்க் காவலுக்காக உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. மூடுபனியில் குழல் துருவேறிவிடுமோ என்ற அச்சத்தில் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துத் துடைத்த என் தந்தையார், அதே துணியால் தோட்டாக்களின் பித்தளை அடியையும் பளபளவென்று துடைத்து வைத்தார். சில மாதங்கள் கழித்து விசையை இழுத்தபோது 'டக்' என்ற ஓசை மட்டுமே கேட்டது. பிந்தி வெடிக்கக்கூடும் என்பதால் குழலை ஆளில்லாத சரிவை நோக்கி அரை நிமிடத்துக்கும் மேலாகப் பிடித்திருந்து, பிறகு திறந்தோம். கேப்பின் நடுவில் ஊசி குத்திய பள்ளம் ஆழமாகவே விழுந்திருந்தது; அதன் விளிம்பைச் சுற்றி மயிரிழை போல எண்ணெய்க் கோடு ஓடியது. "மருந்து நமத்துப் போச்சுங்க" என்றார் மேஸ்திரி.

புளித்தது புளிப்பானால் நமத்தது நமப்பாகலாம். ஈரத்தில் நமத்த பட்டாசு வெயிலில் மீளக்கூடும், எண்ணெயில் ஊறிய மருந்து காய்வதில்லை என்பதால்தான் 'எண்ணெய்' என்ற அடைமொழி வேண்டும் என்கிறேன். கேப்பைச் சுற்றி அரக்குப் பூசிய தோட்டாக்கள் எண்ணெயை நன்கு தாங்கும் என்று மற்றொரு நண்பர் குறிப்பிட்டது உண்மைதான். அது பழுதின் வாய்ப்பைக் குறைக்குமே தவிர பெயரை மாற்றாது.

தடித்த எண்ணெய் குளிரில் இறுகி ஊசியின் வேகத்தைக் குறைக்கும்போது பள்ளம் ஆழமின்றி விழும். அது உண்மையில் துப்பாக்கியின் பழுது. அதை 'மசகுத் தடை' எனலாம்.

காரணம் பெயரிலேயே இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரு முன்நிகழ்வு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் மழைக்காலத்தில் பித்தளைத் தோட்டாக்கள் விரிசல் கண்டதால் ஆங்கிலத்தில் அதற்குப் பருவத்தின் பெயரையே வைத்தார்கள். குதிரை லாயத்திலிருந்து வந்த அமோனியாவே காரணம் என்பது 1921-இல்தான் விளக்கப்பட்டது. துப்பாக்கிக் குழலில் படியும் செம்புக் கறையை நீக்கும் கரைப்பான்கள் பலவற்றில் இன்றும் அமோனியா இருக்கிறது. 'பருவ விரிசல்' என்று மொழிபெயர்த்தால், அந்தப் புட்டியைத் தோட்டாப் பெட்டிக்கு அருகில் வைப்பவருக்கு எச்சரிக்கை எதுவும் கிடைக்காது. 'அமோனியா விரிசல்' என்றால் கிடைக்கும்.